1000 த்ரெட் கவுண்ட் பெட்ஷீட்டில் முதுகு நனைகிறது, ஏன்?

வேலூர்_மேல்மாடி:

எல்லோருக்கும் வணக்கம். என் மாமியாருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம். வாக்கர் பிடித்துக் கொஞ்ச நேரம் நடப்பார், மற்றபடி நாள் முழுக்கப் படுக்கைதான். எங்களுடையது மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஏசி காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் ஃபேன் மட்டும்தான்.

அவருக்காக நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று ஆன்லைனில் தேடி, "1000 டிசி, ஈஜிப்ஷியன் காட்டன்" என்று போட்டிருந்த செட்டை வாங்கினேன். இரண்டு தலையணை உறையோடு 1,300 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். பிரித்தபோது வழுவழுவென்று அழகாக இருந்தது. சில தடவை துவைத்ததும் அந்த வழுவழுப்பு போய்விட்டது. இடுப்பு படுகிற இடத்தில் பிசிறு சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டிருக்கிறது. மதியம் தூங்கி எழுந்தால் அத்தையின் ரவிக்கை முதுகுப் பக்கம் ஈரமாக இருக்கிறது. "இது வேண்டாம்மா, பழசையே போடு" என்கிறார். பழசு என்பது என் கல்யாணச் சீரில் வந்த சென்னிமலைப் பெட்ஷீட். கொஞ்சம் சொரசொரப்பு, ஆனால் அதில் அவருக்கு வேர்ப்பதில்லை.

இங்கே கடைவீதியில் போய்க் கேட்டால் 144, 210, 300, 400, 600 என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். நம்பர் கூடக் கூட நல்லது என்கிறார் விற்பவர். அப்படியானால் 300 என்று போட்டது 2,400 ரூபாய்க்கும் 1000 என்று போட்டது 1,300-க்கும் எப்படிக் கிடைக்கிறது? இந்த நம்பர் உண்மையில் எதைச் சொல்கிறது? எதைப் பார்த்து வாங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மலைக்கோட்டை_வாசி:

400-க்கு மேல் போகவே போகாதீர்கள். நான் 300-தான் வாங்குகிறேன், நன்றாக உழைக்கிறது. அப்புறம் "கிளேஸ் காட்டன்" என்று போட்டு வருவதைத் தொடாதீர்கள். பேரில் காட்டன் இருக்கும், கையில் எடுத்தால் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். 1,300 ரூபாய்க்கு ஈஜிப்து பஞ்சில் டபுள் காட் ஷீட் வராது சகோதரி.


கரூர்_பிக்கிளாஸ்:

கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவன் நான். சட்டைப் பையில் எப்போதும் பிக் கிளாஸ் இருக்கும். மடக்கி வைக்கிற சின்னப் பூதக்கண்ணாடி அது, அடியில் ஒரு அங்குலத்துக்குச் சதுரமாகத் திறப்பு. துணி மேல் வைத்து, ஊசி முனையால் நூலை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுவோம். நீங்கள் கேட்ட நம்பர் இதுதாங்க. ஒரு அங்குலத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எத்தனை, குறுக்கே ஓடும் ஊடை நூல் எத்தனை, இரண்டையும் கூட்டினால் த்ரெட் கவுண்ட்.

எங்கள் ஆர்டர் தாளில் இந்தக் கூட்டுத்தொகையை மட்டும் எழுத மாட்டார்கள். 60×60 / 173×120 என்று இருக்கும். முதல் இரண்டும் பாவிலும் ஊடையிலும் எந்த நம்பர் நூல் என்பது. அடுத்த இரண்டும் அங்குலத்துக்கு எத்தனை பாவு, எத்தனை ஊடை என்பது. 173-ஐயும் 120-ஐயும் கூட்டினால் 293 வருகிறது, அதைத்தான் கடையில் 300 என்று விற்கிறார்கள். 40×40 / 110×90 என்றால் 200. தறிக்காரருக்கு நான்கு எண்ணும் வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் துணி வேறாகிவிடும். வாங்குகிறவருக்கு மட்டும் ஒரே ஒரு எண்ணைக் காட்டுகிறார்கள். என் மனக்குறையே அதுதான்.

நூல் நம்பர் என்பது நூல் எவ்வளவு சன்னம் என்பதைச் சொல்வது. ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜ நீளமுள்ள சிட்டம் எத்தனை வருகிறதோ, அதுதான் நம்பர். 40-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 40 சிட்டம், அதாவது 33,600 கஜம். நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும், நூற்பதற்கு நீளமான பஞ்சும் வேண்டும், விலையும் ஏறும்.

இப்போது உங்கள் 1000-க்கு வருவோம். நூற்பாலைகளில் ஒரு பழைய கணக்கு உண்டு. நூல் நம்பரின் வர்க்கமூலத்தை 28-ஆல் பெருக்கினால், அந்த நூலை இடைவெளியே விடாமல் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும்போது ஒரு அங்குலத்தில் எத்தனை பிடிக்கும் என்பது ஏறக்குறையத் தெரியும். 40-ஆம் நம்பருக்கு 177. 60-ஆம் நம்பருக்கு 217. மிகச் சன்னமான 100-ஆம் நம்பருக்கு 280. பாவிலும் ஊடையிலும் 280 வைத்தாலும் 560-தான் ஆகிறது. நெய்யும்போது நூல் மேலும் கீழும் ஏறி இறங்க இடம் வேண்டும், அதனால் சாதா நெசவில் இந்த அளவுகூட வராது. சாட்டின் நெசவில் பாவை நெருக்கிக் கொஞ்சம் கூட்டலாம். ஆனால் 1,300 ரூபாய் ஷீட்டுக்கு யாரும் 100-ஆம் நம்பர் நூல் போட மாட்டார்கள். பிறகு அந்த ஆயிரம் எங்கிருந்து வருகிறது?

இரண்டு வழி உண்டு. ஒன்று, புரியை எண்ணுவது. இரண்டு நூலை முறுக்கி ஒன்றாக்கினால் இரட்டைப்புரி, டபுள் யார்ன் என்போம். தறியைப் பொறுத்தவரை அது ஒரே நூல். 250 உள்ள துணியில் இரட்டைப்புரி போட்டுவிட்டு 500 என்று அச்சடிப்பார்கள். நாலு புரி என்றால் 1000. இன்னொன்று, காற்றை ஊதி ஊடையைச் செலுத்தும் ஏர்ஜெட் தறியில் ஒரு முறை பாவு திறக்கும்போது மெல்லிய நூல் மூன்று நான்கைச் சேர்த்து ஒரே ஊடையாக அடித்துவிடுவது. அதையும் மூன்று நான்கு என்றே கணக்கில் சேர்ப்பார்கள். இந்த வேலைக்குப் பஞ்சு நூலைவிடப் பாலியஸ்டர் இழைதான் மலிவு, வசதியும்கூட.

இது நம் ஊருக்கு மட்டுமான சிக்கல் இல்லை. அமெரிக்காவில் இதே சண்டை நடந்து, 2005-இல் அங்கே வணிகத்தைக் கண்காணிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷனின் அதிகாரிகள் கருத்துச் சொன்னார்கள். புரியைத் தனித்தனியாக எண்ணி நம்பரை ஏற்றினால் வாங்குகிறவர் ஏமாறக்கூடும், "300 த்ரெட் கவுண்ட், இரட்டைப்புரி நூல்" என்று பிரித்துச் சொல்லலாம் என்றார்கள். ஏஎஸ்டிஎம் டி3775 என்ற சோதனை முறையிலும் எத்தனை புரி இருந்தாலும் ஒரு நூல் ஒன்றுதான். எங்களுக்கு வந்த வெளிநாட்டு ஆர்டர்களில் அந்தச் சோதனை முறையின் பெயரே போட்டிருக்கும். நம் கடைகளில் அட்டையில் பெரிதாக இருக்கிற எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறோம்.

வேர்வைக்குக் காரணம் இதிலேயே இருக்கிறது. அத்தனை இழையைத் திணித்தால் காற்று போக வழி அடைபடும். இழை பாலியஸ்டர் என்றால் ஈரத்தையும் உறிஞ்சாது. முதலில் இருந்த வழுவழுப்பு நூலினுடையது இல்லைங்க, கடைசியில் ஏற்றுகிற சிலிக்கோன் சாஃப்ட்னர். மலிவாகப் பூசியது சில துவையலில் போய்விடும். உருண்டை திரள்வதும் ஒரு அடையாளம். பஞ்சுத் துணியிலும் குட்டைப் பஞ்சு என்றால் பிசிறு எழும், ஆனால் தேய்ந்து உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் கலந்திருந்தால் அந்தப் பலமான இழை உருண்டையை விடாமல் பிடித்துக்கொள்ளும், கிள்ளினாலும் வராது. உங்களுடையது எப்படி என்று கிள்ளிப் பாருங்கள்.

"ஈஜிப்ஷியன்" என்ற பெயர் பற்றியும் ஒரு வார்த்தை. ஈஜிப்தின் நீள இழைப் பஞ்சு உலகத்திலேயே நல்ல பஞ்சுகளில் ஒன்று, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பெயருக்கு நல்ல விலை கிடைப்பதால் எதன் மேலும் ஒட்டிவிடுகிறார்கள். 2016-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகள் இதே விஷயத்துக்காக நம் நாட்டின் வெல்ஸ்பன் நிறுவனத்தோடு தொடர்பை முறித்துக்கொண்டன. ஈஜிப்ஷியன் என்று விற்ற ஷீட்டுகளில் வேறு பஞ்சு இருந்ததாகக் கண்டுபிடித்தார்கள், லட்சக்கணக்கான உருப்படிகள். நம்மிடமே சுவின் என்று அருமையான பஞ்சு இருக்கிறது. சுஜாதா ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் கலந்து 1970-களில் கோயம்புத்தூரில் உருவாக்கியது, சேலம் ஆத்தூர்ப் பக்கம் விளைந்தது. 100-ஆம் நம்பருக்கு மேலும் நூற்கலாம். விளைச்சல் நாளும் அதிகம், பூச்சித் தொல்லையும் அதிகம் என்று விவசாயிகள் கைவிட்டுக்கொண்டே வந்துவிட்டார்கள். அந்த நூலைத் தொட்டுப் பார்த்தவனுக்கு அது வருத்தம்தான்.

சரி, அத்தைக்கு என்ன வாங்குவது? "பெர்கேல்" நெசவு என்று கேளுங்கள். ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே என்று ஓடும் சாதா நெசவு, நெருக்கமாக அடித்தது. 200 முதல் 300 வரை போதும். ஒற்றை நூலா என்று கேளுங்கள். கோம்ப்டு நூலா என்றும் கேளுங்கள். குட்டை இழையைச் சீவித் தள்ளிவிட்டு நூற்றது கோம்ப்டு, அதில் பிசிறு குறைவு. சாட்டின் நெசவில் நூல் நாலைத் தாண்டி ஒன்றில் இறங்குவதால் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், ஆனால் உடம்போடு ஒட்டும், வெப்பம் தங்கும். வேலூருக்கு வேண்டாம்.


வேலூர்_மேல்மாடி:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. உருண்டையைக் கிள்ளிப் பார்த்தேன், நூலோடு இழுபடுகிறது, கையோடு வரவில்லை. அட்டையைத் தேடி எடுத்தேன். முன்பக்கம் காட்டன் என்றும், பின்பக்கம் பொடி எழுத்தில் "காட்டன் ஃபீல்" என்றும் போட்டிருக்கிறது.

கடையில் கோம்ப்டா, ஒற்றை நூலா என்று கேட்டால் அவர்களுக்கே தெரிவதில்லை. பிக் கிளாஸ் இல்லாமல் நானே பார்த்துக்கொள்ள வழி உண்டா?


கரூர்_பிக்கிளாஸ்:

உண்டுங்க. செல்போன் கேமராவே போதும். துணி மேல் ஒரு ஸ்கேலை வைத்து நன்றாகக் கிட்டப் பிடித்துப் படம் எடுங்கள், பிறகு பெரிதாக்கி ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை நூல் என்று எண்ணுங்கள். அதை 2.54-ஆல் பெருக்கினால் அங்குலத்துக்கு வந்துவிடும். நீளவாக்கில் 43, குறுக்கே 35 என்று வந்தால் 109-ம் 89-ம் ஆகிறது, கூட்டினால் 198. அட்டையில் 200 என்று இருந்தால் நேர்மையான துணி. 600 என்று இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். இழுத்துப் பிடிக்காமல் தட்டையாக விரித்து எண்ண வேண்டும். அச்சுப் போட்ட துணியில் கண் ஏமாறும், வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில் பார்ப்பது நல்லது.

புரியைப் பார்க்க, ஓரத்தில் தொங்கும் நூல் ஒன்றை எடுத்து இரு விரலுக்கு நடுவில் முறுக்குக்கு எதிராக உருட்டுங்கள். ஒற்றை நூல் பஞ்சாகப் பிரிந்துவிடும். இரட்டைப்புரி இரண்டு தனி நூலாகப் பிரியும். இரட்டைப்புரி கெட்டது என்று அர்த்தமில்லை, பலமானது. எண்ணை இரட்டித்துக் காட்டுவதுதான் தப்பு.

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நெசவு ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் கலகலவென்று இருந்தால் வேண்டாம். அப்புறம் துணியைக் கையில் நன்றாகக் கசக்கித் தேயுங்கள். மாவு மாதிரி வெள்ளையாக உதிர்ந்தால் கஞ்சி ஏற்றிக் கெட்டியாக்கியது.

வீட்டுக்கு வந்ததும் தொங்கும் நூலில் கொஞ்சம் எடுத்து, இடுக்கியில் பிடித்துச் சிங்க்குக்கு மேலே தீ காட்டுங்கள். பஞ்சு என்றால் காகிதம் எரிகிற வாசனை, தொட்டால் பொடியாகும் சாம்பல். பாலியஸ்டர் என்றால் சுருண்டு உருகி, ஆறியதும் கறுப்பாக ஒரு கெட்டி மணி நிற்கும். கலப்பு என்றால் இரண்டும் சேர்ந்து தெரியும். உங்களிடம் இருக்கும் 1000-ஐ இன்றே பார்த்துவிடலாம். திருப்பிக் கொடுக்கவோ புகார் எழுதவோ அது உதவும்.


சென்னிமலை_மகள்:

கல்யாணச் சீர் பெட்ஷீட்டைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அப்பா கைத்தறிச் சங்கத்தில் உறுப்பினர், வீட்டிலேயே குழித்தறி. எங்கள் ஊர் பெட்ஷீட்டுக்குத் தடித்த நூல், அதுவும் நல்ல முறுக்கோடு. அங்குலத்துக்கு எண்ணிப் பார்த்தால் கடைக்காரர் காட்டும் நம்பருக்குப் பக்கத்திலேயே வராது. நூலுக்கு நூல் இடைவெளி இருப்பதால் காற்று போகும், நூல் தடிப்பாக இருப்பதால் வேர்வையைக் குடித்துக்கொள்ளும். உங்கள் அத்தை அதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களுக்குத் தோல் மெலிந்திருக்கும். நாள் முழுக்கப் படுத்திருக்கிறவருக்குப் புதுக் கைத்தறி ஷீட் உராயும். பல வருஷம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன உங்கள் பழைய ஷீட் பரவாயில்லை. புதிதாக வாங்குவதென்றால் கரூர் அண்ணன் சொன்ன பெர்கேல்தான் இப்போதைக்குச் சரி. கைத்தறி நனைந்தால் கனம் ஏறும், மழைக்காலத்தில் காயவும் நேரமாகும். அடிக்கடி மாற்ற வேண்டிய கட்டிலுக்கு அது ஒரு சிரமம்.


வார்டு_அக்கா:

நர்ஸாக இருக்கிறேன். எல்லோரும் மேல் விரிப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். அடியில் ரெக்ஸின் ஷீட் அல்லது ரப்பர் ஷீட் போட்டிருக்கிறீர்களா வேலூர் தங்கச்சி? ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள் வீட்டில் மெத்தை நனையாமல் இருக்க முழு நீளத்துக்கும் விரித்துவிடுவார்கள். அது இருந்தால் மேலே எந்த ஷீட் போட்டாலும் வேர்க்கும். உண்மையிலேயே தேவை என்றால் இடுப்புக்கு அடியில் மட்டும் ஒரு துண்டு போட்டு, அதன் மேல் குறுக்காக ஒரு காட்டன் விரிப்பை இழுத்துச் செருகுங்கள். முதுகுப் பக்கம் மெத்தையும் துணியும் மட்டும் இருக்கட்டும்.

இன்னொன்று, சுருக்கம். படுத்தே இருப்பவர்களுக்கு விரிப்பின் மடிப்பு அழுத்தும் இடத்தில்தான் தோல் சிவக்க ஆரம்பிக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்கும்போது ஷீட்டையும் நீவி இழுத்துவிடுங்கள். முதுகு, குதிகால், வால் எலும்பு மூன்றையும் தினமும் பாருங்கள். சிவப்பு அழுத்தினாலும் மறையாமல் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.


வேலூர்_மேல்மாடி:

அக்கா, ரெக்ஸின் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று முழுக்க விரித்தது, எடுக்கவே இல்லை. இப்போதே மாற்றிவிடுகிறேன். பழைய சென்னிமலை ஷீட்டை விரித்துவிட்டேன், அத்தை தூங்குகிறார்.

கரூர் அண்ணா, நூலைத் தீயில் காட்டினேன். உருகிக் கறுப்பு மணி நின்றது, ஓரத்தில் கொஞ்சம் சாம்பலும் வந்தது. படம் எடுத்துப் புகாரோடு அனுப்பியிருக்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி. கட்டில் 5 அடிக்கு 6½ அடி, மெத்தை 6 அங்குலம். பெர்கேல் எந்த அளவில் எடுக்க வேண்டும்? பெர்கேல் சுருங்கும் என்கிறார்களே?


கரூர்_பிக்கிளாஸ்:

கலப்பு என்பது உறுதியாகிவிட்டது. அட்டையின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

அளவுக்கு இப்படிக் கணக்குப் போடுங்கள். அகலம் 60 அங்குலம், இரண்டு பக்கமும் மெத்தைக் கனம் 6-ம் 6-ம் சேர்த்து 72. வார்டு அக்கா சொன்னபடி சுருக்கமில்லாமல் இழுத்துச் செருக வேண்டுமென்றால் பக்கத்துக்கு 9 அங்குலமாவது உள்ளே போக வேண்டும், ஆக 90. நீளமும் அதே கணக்கில் 78, 12, 18 கூட்டினால் 108. ஆகவே 90×108. சான்ஃபரைஸ் செய்யாத, அதாவது ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்காத பஞ்சுத் துணி முதல் துவையலில் சுருங்கலாம், நூற்றுக்கு ஐந்து என்று வைத்தால் 90 என்பது 85½ ஆகிவிடும். அப்போதும் செருக இடம் இருக்கும். கடையில் 90×100 என்று நிறைய வரும், அது கால் பக்கம் நழுவும், எடுக்காதீர்கள். எலாஸ்டிக் வைத்த ஃபிட்டட் ஷீட் கிடைத்தால் உங்கள் தேவைக்கு இன்னும் நல்லது. அதில் மட்டும் துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள், சுருங்கினால் மெத்தையில் ஏறாது.

மூன்று ஷீட் எடுங்கள். ஒன்று கட்டிலில், ஒன்று கொடியில், ஒன்று அலமாரியில். விரிப்பதற்கு முன் ஒரு தடவை வெறும் தண்ணீரில் அலசி உலர்த்துங்கள், மேலே ஏற்றிய கஞ்சியில் கொஞ்சம் போய்விடும். துவைக்கும்போது நீங்களும் சாஃப்ட்னர் ஊற்ற வேண்டாம், அது நூலைச் சுற்றிப் படிந்து ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கும். வெள்ளை அல்லது வெளிர் நிறமாக எடுத்தால் வேலூர் வெயிலில் தாராளமாகக் காயப் போடலாம், சாயம் போகுமே என்ற கவலை இல்லை.